மலைநாட்டு மின்னஞ்சலுக்கு இரண்டாம் வழி

மலைநாட்டுத் தோட்டங்களில் கடிதம் என்பது நெடுங்காலம் ஒரே வாசல் வழியாக வந்த பொருள். லயன் வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், தொழிலாளர் குடும்பங்களுக்கு வந்த தபால் யாவும் தோட்ட அலுவலகத்துக்கே சென்று சேர்ந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்த பின்னரே கைக்குக் கிடைத்தது என்ற கதையைக் கேளாத தோட்டம் அரிது. வழி ஒன்றே ஒன்றாயின், அவ்வழி அடைபடும் நாளில் கடிதமும் அடைபடும். இவ்வுண்மை மின்னஞ்சலுக்கும் பொருந்தும் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பதுளை மாவட்டத்துப் பூனாகலையை எடுத்துக்கொள்வோம். லிப்டன் ஆசனம் எனப் பெயர்பெற்ற உச்சி அமைந்த மலை இது. இங்கே ஒரு பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ தனக்கெனச் சிறியதொரு மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவுவதாகக் கொள்வோம். சேவையகம் என்பது யாது? ஒரு மேசைமேல் அடங்கிவிடும் கணினிதான். அது சிற்றூர்த் தபாற் கந்தோர் போன்றது. வரும் மடல்களை ஏற்று அவரவர் பெட்டியில் இடும். புறப்படும் மடல்களை உரிய இடத்துக்கு அனுப்பும். பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் அஞ்சல் இருக்க இஃது எதற்கு என்று வினவலாம். ஊரின் பெயரிலேயே முகவரி கிடைக்கும். மடல்கள் ஊராரின் காவலிலேயே இருக்கும். வெளித் தொடர்பு அற்ற நாளிலும், முன்னர் வந்த மடல்களை அவ்விடத்திலிருந்தே படிக்கலாம்.

ஆயினும், அக்கந்தோருக்குச் செல்லும் பாதை ஒன்றாக இருந்தால் என்னாகும்? 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கம்பியை அறுத்தது. இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் நாடெங்கும் தடைப்பட்டன. ஒரு தீவுக்கே நேர்ந்த இக்கதி, ஒரு மலைச்சரிவுக்கு நேர்வதில் வியப்பில்லை. ஈண்டு நங்கூரம் வேண்டுவதில்லை. சரிந்த மண்ணும் முறிந்த மரமும் போதும்.

அச்சம் கொள்ளுமுன் ஒரு நற்செய்தியையும் அறிந்துகொள்ள வேண்டும். மின்னஞ்சல் பொறுமை மிக்கது. அதன் அடிப்படை விதிகளை 1982இல் ஜோன் பொஸ்டெல் என்பார் எழுதி வெளியிட்டார். பின்னர் விரிவாக்கப்பட்ட அவ்விதிகளின்படி, பெறும் சேவையகம் விடை தராவிடின் அனுப்பும் சேவையகம் மடலை எறிந்துவிடலாகாது. குறைந்தது 4 அல்லது 5 நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலவேண்டும். ஆகவே ஒரு பகல் தொடர்பு அற்றுப் போனால், வரவேண்டிய மடல் பெரும்பாலும் தாமதமாகுமேயன்றித் தொலைவதில்லை. துன்பம் வேறிடத்தில் உளது. நம்மிடமிருந்து செல்லவேண்டிய மடல் செல்லாது. தடை ஒரு வாரமாக நீடித்தால் வரும் மடலும் அனுப்பியவரிடமே திரும்பிவிடும்.

ஆதலின் இரண்டாவது இணைப்பு வேண்டும். இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் செலுத்திவிட்டால் இரண்டு வழி ஆகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முதலாவது ஒளியிழைக் கம்பி வீதியோரக் கம்பங்களில் வருகின்றது. இரண்டாவது கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வானலையாய் வருகின்றது. பார்வைக்கு இரண்டு. ஆனால் அக்கோபுரத்தின் செய்தியும் அதே வீதியோரக் கம்பியில் ஏறியே நகரத்துக்குச் செல்லுமாயின், இரண்டும் ஒன்றே. ஒரு கம்பம் சாய்ந்தால் இரண்டும் சாயும். எனவே இணைப்பை வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, வேகம் எவ்வளவு என்பதன்று. எவ்வழியாக மலையிறங்குகின்றது என்பதே. மலையின் மறுபக்கத்துக் கோபுரத்தை நோக்கி ஒரு திசையலைவாங்கியை நிறுத்தலாம். வசதியுள்ளோர் செய்மதியை நாடலாம். ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலை முதல் இலங்கையிலும் கிடைக்கின்றது. அது நம் வீதியையும் கம்பங்களையும் சாராதது.

மின்சாரத்தை மறத்தல் ஆகாது. இரண்டு இணைப்புக்களும் சேவையகமும் ஒரே மின்கம்பியை நம்பியிருந்தால், அக்கம்பி அற்றவுடன் எல்லாம் ஒருசேர அணையும். சேவையகம், ரவுட்டர், ஒளியிழை வந்து முடியும் சிறு பெட்டி ஆகிய மூன்றையும் மின்கலத்தோடு இணைத்தல் வேண்டும். கோபுரத்து மின்கலமும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம் என்பதை நினைவிற் கொள்க.

அடுத்து வருவது முகவரிச் சிக்கல். இணைப்பு மாறினால் சேவையகத்தின் இணைய முகவரி எண்ணும் மாறிவிடும். மேலும், கைத்தொலைபேசி இணைப்பிலும் சாதாரணச் செய்மதி இணைப்பிலும் பல வாடிக்கையாளர் ஒரே முகவரியைப் பகிர்வது வழக்கம். லயத்துக்கு ஒரே முகவரி இருந்த பழைய கதையே இது. வெளியிலிருந்து வரும் மடல் நம் கதவைத் தட்ட இயலாது. அஞ்சலுக்குரிய 25ஆம் இலக்க வாயிலைக் குப்பை அஞ்சலுக்கு அஞ்சி அடைத்துவைக்கும் நிறுவனங்களும் உண்டு.

இதற்கு நல்லதொரு பரிகாரம் உளது. தொலைவிலுள்ள தரவு நிலையம் ஒன்றில், நிலையான முகவரியோடு சிறிய கணினியிடம் ஒன்றை மாத வாடகைக்குப் பெறலாம். பூனாகலைச் சேவையகம், எந்த இணைப்பு உயிரோடு இருக்கின்றதோ அதன் வழியாக, அவ்விடத்துக்கு ஒரு மறைகுறிச் சுரங்கத்தை உள்ளிருந்தே திறந்துவைக்கும். உலகத்தார் மடலை வாடகை முகவரிக்கே அனுப்புவர்; நம் மடலும் அங்கிருந்தே புறப்படும். அனுப்ப உரிமையுள்ள முகவரி இதுவெனக் களப்பெயர்ப் பதிவேட்டில் அறிவித்துவிட்டால், பிறர் நம் மடலை ஐயுற்று ஒதுக்கும் வாய்ப்புக் குறையும். மலையிலுள்ள இணைப்பு எத்தனை முறை மாறினும் வெளியார் அதனை உணரார். இரு வழியும் ஒருங்கே அற்றால், வாடகைக் கணினி மடல்களைத் தேக்கிவைக்கும். அங்ஙனம் தேக்கும் காலத்தை 5 நாள் என்றிராது 30 நாள் என்று நாமே நிர்ணயித்துக்கொள்ளலாம்.

வழி மாறுவதை ரவுட்டர் தானே செய்யவேண்டும். முதல் வழி உயிரோடிருக்கின்றதா என்பதை அது அருகிலுள்ள பெட்டியிடம் கேட்டால் போதாது. அப்பாலுள்ள கம்பி அறுந்திருப்பினும் அருகிலுள்ள பெட்டி விடையளித்துக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள இரண்டு மூன்று இடங்களைக் கேட்டு, ஒன்றும் விடை தராதபோதே வழியை மாற்றவேண்டும். அளவிட்டுப் பணம் அறவிடும் இரண்டாம் இணைப்பில் அஞ்சலை மட்டுமே விடுதல் சிக்கனம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை முதல் கம்பியை நாமே பிடுங்கி, ஒரு மடலை அனுப்பியும் ஒரு மடலைப் பெற்றும் பார்த்தல் வேண்டும். சோதித்துப் பாராத மாற்று வழி, துருப்பிடித்த பூட்டுக்கு வைத்திருக்கும் திறவுகோல் போன்றது.

நேயர்களே, இத்துணை கவனமும் எதற்கு? 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைநாட்டில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. எல்லாம் ஒரே சரிவில் ஓடினால் எல்லாம் ஒன்றாகவே விழும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லல் என் கடன். மண்சரிவு எச்சரிக்கையை மின்னஞ்சலிடம் ஒப்படைத்தல் ஆகாது. பொறுமையே அதன் குணமாதலால், இன்று வரவேண்டியது நாளை மறுநாளும் வரலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வெளியானால், வீடு வீடாகச் சென்று அழைக்கும் மனிதக் குரலே முதன்மையானது. மின்னஞ்சலின் பணி அதன் பின்னர் தொடங்குகின்றது. எத்தனை குடும்பம் எந்தப் பாடசாலையில் தங்கியுள்ளது, எவருக்கு மருந்து வேண்டும், எந்த மாணவரின் பரீட்சை அனுமதி அட்டை மண்ணில் புதைந்தது என்னும் விவரங்களை எழுத்தில், நாளும் நேரமும் பதிந்து, உரிய அதிகாரியிடம் சேர்ப்பது அதுவே. எழுத்தில் சேர்ந்த கோரிக்கையை வரவில்லை என்று எவரும் எளிதில் மறுத்தல் இயலாது.

தோட்ட மக்களின் கடிதம் பிறர் தயவில் தங்கிக் கிடந்த காலம் நீண்டது. அவர்தம் மடல் உரிய வேளையில் மலையிறங்க, ஒன்றோடொன்று சேர்ந்து விழாத இரண்டு வழிகளை அமைத்துக்கொடுப்பது பெருஞ்செல்வர் மட்டும் செய்யத்தக்க காரியமன்று. விசாரித்தறியும் விருப்பமும், மாதந்தோறும் சோதிக்கும் ஒழுங்கும் உடைய எந்தச் சிறு சங்கமும் செய்யத்தக்கதே.