ஒரே அடுப்பு, ஒரே நடை. எடை மட்டும் ஏன் வேறு?

(பாடாலூரில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நாம் நடைப்பயிற்சி தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபஜ்ர் தொழுது முடித்து ஆண்கள் ஒரு பக்கம், நன்றாக விடிந்த பிறகு பெண்கள் ஒரு பக்கம். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பயந்து மக்காச்சோளக் காட்டு ஓரமாகப் போகும் பாதையைப் பிடித்துக்கொண்டோம். மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. எடை பார்த்த அன்றுதான் மனக்கசப்பு வந்தது.

ஒரே வீட்டு மருமகள்கள் இருவர். ஒரே அடுப்பில் வெந்த சோறு, ஒரே பாதையில் நடை. மூத்தவருக்கு நான்கு கிலோ குறைந்திருந்தது. இளையவருக்கு அரைக் கிலோகூட இறங்கவில்லை. “ஒளிச்சு வெச்சு ஏதாச்சும் திங்கிறியா?” என்று வீட்டில் யாரோ விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவர் நடக்க வரவில்லை. அவருக்குச் சர்க்கரை பார்டரில் இருக்கிறது. அவருடைய தாயாருக்குச் சர்க்கரையால் கால் விரலையே எடுத்தாயிற்று. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறோம்.

இதில் எங்கள் தவறும் உண்டு. எடை மெஷின் ஒன்றை மட்டும் வைத்து, பெயரையும் கிலோவையும் பலகையில் எழுதி ஒட்டியது நாங்கள்தான். பரீட்சை மார்க் போல அதைப் பார்க்க வைத்துவிட்டோம்.

உடல்கள் ஒரே மாதிரி கணக்குப் போடுவதில்லை. கனடாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 1990-ல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களான இளைஞர்கள் 12 ஜோடி. அவர்களுக்கு வாரத்தில் 6 நாள், வழக்கத்துக்கு மேல் தினம் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். 100 நாள் முடிவில் ஒருவருக்கு 4 கிலோ சொச்சம் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல் ஏறியது. கூடுதலாகக் கொடுத்ததோ எல்லோருக்கும் ஒரே அளவு. ஆனால் இரட்டையர் இருவருக்கும் ஏறிய எடை பெரும்பாலும் நெருக்கமாகவே இருந்தது. பிறப்பிலேயே வரும் கூறு அது. இறங்குவதிலும் இப்படித்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் ஓர் ஆண்டு குறைத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. இரு பிரிவிலும் சராசரிக் குறைவு ஏறக்குறைய ஒன்றுதான், ஐந்து ஆறு கிலோ. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஏராளமாக இறங்கியவரும் உண்டு, ஏறியவரும் உண்டு.

பிறப்பு மட்டுமல்ல. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, தூக்கக் குறைவு, வயது, ஸ்டீராய்டு, இன்சுலின் எல்லாம் எடையைப் பிடித்து வைக்கும். காலையில் நடந்துவிட்டோம் என்று பகல் முழுக்கச் சாய்ந்துகொள்பவரும் உண்டு. அரை மணி நடையில் செலவாகும் சக்தி ஒரு பரோட்டாவில் ஏறத்தாழ பாதிதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வலீமா பிரியாணியைப் பற்றி இன்று பேச வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்!

சரி, எடை இறங்காவிட்டால் நடந்தது வீண்தானா? இதற்குப் பதில் நம்முடைய சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், அந்த இளைய மருமகளைப் போலச் சர்க்கரை பார்டரில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்கு தினம் அரை மணி நடை, சீனியும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம், அடிக்கடி விசாரிப்பு. மற்ற பிரிவுகளுக்கு மாத்திரை. மூன்று ஆண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடந்து, உணவை மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இனிதான் முக்கியமான விஷயம்: அந்த நடந்த பிரிவினருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவே இல்லை! எடை மெஷின் அசையவில்லை, நோய் தள்ளிப்போனது.

ஏனென்றால் நடக்கும்போது தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. தொடர்ந்து நடந்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. மெஷினில் இதெல்லாம் தெரியாது.

அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த ஆய்வில், 2002-ல், சராசரியாக ஐந்தரைக் கிலோ குறைந்தது, நோய் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அங்கே சேர்ந்தவர்கள் நம்மைவிட மிகவும் பருமனானவர்கள். ஆகவே எடை அதிகமுள்ளவர்கள் குறைப்பது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் உடலின் வாகு வேறு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து டாக்டர் யூட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, பி.எம்.ஐ., இருவருக்கும் 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். “நான் ஒல்லிதானே” என்று டெஸ்ட் எடுக்காமல் இருக்கும் சகோதரர்கள், குறிப்பாக வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த எடைப் பலகையை நேற்றே கழற்றிவிட்டோம். இனி இஞ்சு டேப்தான். நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். சர்க்கரை மாத்திரை, ஊசி போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவோ நஃபில் நோன்பு பிடிக்கவோ வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டு பாருங்கள்.

மாமியார்களிடமும் கணவன்மார்களிடமும் ஒரு வேண்டுகோள். “எத்தனை கிலோ குறைஞ்சே?” என்று கேட்காதீர்கள். “இன்னைக்கு நடந்தியா?” என்று கேளுங்கள், முடிந்தால் கூடவே நடங்கள்.

இளைய மருமகள் திங்கட்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூத்தவரும் அவருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அளவு எடுப்பது இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. பெண்களுக்குப் பெண்களே தனி அறையில் எடுப்பார்கள். அளவு உங்கள் கையிலுள்ள அட்டையில் மட்டும் எழுதப்படும்.