குருதி உறையாமை நோயும் மரபணு சிகிச்சையும்

(மீஞ்சூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமண அறம் கூறும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. நோயைப் பற்றிய அறியாமையை நீக்குதல் அத்தானத்திற்கு முதற்படி. அந்நோக்கில் இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஹீமோபிலியா எனப்படும் குருதி உறையாமை நோயும், அதற்காக வேலூரில் மேற்கொள்ளப்பட்ட மரபணு சிகிச்சையும் ஆகும்.

காயம் பட்டால் குருதி உறைவதற்கு உடலில் பல காரணிகள் உள்ளன. அவற்றுள் எட்டாவது காரணி குறைவதால் வருவது 'ஹீமோபிலியா ஏ'. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவரை இது பற்றுகிறது. குழந்தை தவழத் தொடங்கியதும் உடலில் நீலம் பாரித்த வீக்கங்கள் தோன்றும். பல் விழுந்த இடத்தில் குருதிக் கசிவு நில்லாது. கடும் நோயில் அடிபடாமலேயே முழங்காலுக்குள்ளும் கணுக்காலுக்குள்ளும் குருதி கசியும். மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்ந்தால் மூட்டு தேய்ந்து முடங்கிவிடும்.

இக்காரணிக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆணுக்கு ஒன்றே உண்டு. ஆகவே தாய்வழி வரும் பழுது மகனிடம் நோயாக வெளிப்படுகிறது. இதனை அறியாதோர் தாயைப் பழிக்கின்றனர். உறவில் மணம் செய்ததே காரணம் என்கின்றனர். இரண்டும் தவறு. தாய் அறிந்து கொடுத்ததன்று அப்பழுது. மகனுக்கு இந்நோய் வருவதற்கு உறவுமணம் காரணமுமன்று. நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர், குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இல்லாதவர்களே.

வழக்கமான சிகிச்சை, 'ஃபேக்டர்' எனப்படும் அக்காரணியை நரம்பு வழியாக ஏற்றுவது. தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆயினும் ஏற்றிய காரணி சில நாள்களில் உடலிலிருந்து நீங்கிவிடுவதால், வாழ்நாள் முழுதும் ஊசி தொடரும்.

உடலே அக்காரணியைச் செய்துகொள்ள வழிசெய்வது மரபணு சிகிச்சை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து இதனை ஆய்ந்தது. நோயாளியின் குருதியை உண்டாக்கும் குருத்தணுக்கள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டன. நோய் செய்யும் ஆற்றல் நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் துணையால், எட்டாம் காரணிக்குரிய மரபணு அவற்றுள் செலுத்தப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கக் கடும் மருந்து தந்தபின், அவ்வணுக்கள் அவருக்கே திருப்பி ஏற்றப்பட்டன.

2024 டிசம்பரில் இம்முடிவுகள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின. சிகிச்சை பெற்றோர் 22 முதல் 41 வயது வரையான ஐவர். முதல் இருவரிடம் காரணியின் அளவு குறைவாகவே இருந்தது. மரபணு நன்கு பதிவதற்கான துணைப்பொருள் சேர்க்கப்பட்ட மற்ற மூவரிடம் அது ஏறத்தாழ 19 முதல் 40 விழுக்காடு வரை உயர்ந்தது. 9 முதல் 27 மாதம் வரை கவனித்ததில், ஐவருக்கும் குருதிக் கசிவு நேரவில்லை.

இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் ஐவரிடம் மட்டும் செய்த முதற்கட்ட ஆய்வு. அக்கடும் மருந்தால் குருதி அணுக்கள் சில காலம் வெகுவாகக் குறையும், தொற்று நேரலாம், மகப்பேற்று ஆற்றலும் பாதிக்கப்படலாம். பலன் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைக் காலமே காட்டும். குருதியில் மட்டுமே மாற்றம் நிகழ்வதால், சிகிச்சை பெற்ற தந்தையின் பெண்மக்கள் அனைவரும் பழுதான மரபணுவைத் தாங்கியவராகவே பிறப்பர். முன்பே தேய்ந்துவிட்ட மூட்டையும் இச்சிகிச்சை மீட்டுத் தராது.

இந்த இறுதிச் செய்தியே பெற்றோர் மனங்கொள்ள வேண்டியது. நாளைய சிகிச்சையை எதிர்நோக்கி இன்றைய ஊசியைத் தவறவிட்ட சிறுவனுக்கு, அச்சிகிச்சை வரும்போது நடக்கும் கால் இராது. மூட்டில் வலி தொடங்கியதுமே காரணியை ஏற்றுதல் வேண்டும். ஆஸ்பிரின் தருதலும் தசையில் ஊசி போடுதலும் கூடா. பள்ளி ஆசிரியரிடம் நோயை மறைத்தல் ஆகாது. நோயுற்ற சிறுவனின் தமக்கை தங்கையர்க்குத் திருமணத்திற்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவித்தல் நலம். ஆய்வில் சேர அழைப்பு வந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று கேட்டு, பயனும் இடரும் அறிந்து, அதன்பின் கையொப்பமிடுக. பணம் கேட்டுப் 'பரிசோதனைச் சிகிச்சை' என்போரிடம் செல்லற்க.

மீஞ்சூரிலிருந்து சென்னை சென்ட்ரல் சென்று காட்பாடிக்கு ரயிலேறினால் வேலூர் எட்டிவிடும் தூரமே. நோயுற்ற பிள்ளையின் தாயோடு அப்பயணத்தில் ஒருவர் துணை சென்றாலும் அது ஔடத தானமே ஆகும்.

அனைத்துயிரும் நோயின்றி வாழ்க.