ஊர்ப்படமும் நம் கடமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரியின் மதகு எது, கலங்கல் எது, மேய்ச்சல் புறம்போக்கு எதுவரை என்பன நம் முதியோர்க்கு மனப்பாடம். ஆயினும், மனத்திலுள்ளது படத்தில் இல்லையேல் அயலார்க்கு அஃது இல்லாததேயாம்.

இதற்குச் சான்று நமக்கு அணித்தே உள்ளது. 1996-இல் நடுவணரசு ஒப்பிய கடற்கரை மேலாண்மைப் படத்தில் எண்ணூர்க் கழிமுகம் காக்கத்தக்க நீர்ப்பரப்பாக விளங்கிற்று. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழிக் கிடைத்த மற்றொரு படத்திலோ அதன் பெரும்பரப்பே மறைந்துபோயிற்றென மீனவர் முறையிட்டனர். பழைய படம் கையிலிருந்தமையாலன்றோ அவர்கள் வாதிட முடிந்தது!

1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் துரை நில அளவையைத் தொடங்கிய காலத்தில் அளப்பவர் அரசினர், நாம் பார்த்திருந்தோம். இன்று நிலைமை வேறு. 2004-இல் இங்கிலாந்தில் தோன்றிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப்படத்தில் எவரும் தம் ஊரைத் தமிழிலேயே குறிக்கலாம். 2021 பிப்ரவரியில் வெளிவந்த நடுவணரசு விதிகளும் படம் வரைதற்கிருந்த தடைகளைப் பெரிதும் தளர்த்தின.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டைச் சூழ்ந்து ஆலையும் வயலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கு ஒரு வரத்துக்கால் படத்தில் விடுபடின், அதன்மேல் மதில் எழுந்த பின்னரே நாம் விழிப்போம்.

செய்ய வேண்டுவது அரிதன்று. முதியவர் வழிகாட்ட, இளைஞர் கைப்பேசியுடன் உடன்செல்க. துணைக்கோளின் உதவியால் அது நின்ற இடத்தைக் காட்டும். சில கெஜம் பிழைபடுதலும் உண்டு. ஆதலின் கிராம வரைபடத்தோடும் புலப்படத்தோடும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். பொதுப்படம் பட்டாவுக்கு ஈடாகாது. எனினும், அரசுப் பதிவேட்டில் விடுபட்டதைக் கண்டு உரிய காலத்தில் மனுச்செய்ய அது பெருந்துணை. நீர் முகக்கும் துறையையும் குழாயடியையும் நன்கறிந்தவர் பெண்மக்களே, அவர்களையும் உடன்கொள்க.

இன்னும் ஒன்று, வெளிப்படையாகவே சொல்வோம். நம் தெருவைக் குறித்து, ஆதிதிராவிடர் தெருவின் கிணற்றையும் அவர்தம் சுடுகாட்டு வழியையும் விட்டுவிடுவோமாயின், பிறர் நமக்குச் செய்வரென அஞ்சும் தீமையை நாமே அவர்க்குச் செய்தவராவோம். நீர் நம் தெருவோடு நிற்பதில்லை. அவர்களையும் அழைத்து, அவர்கள் வாய்மொழி கேட்டுக் குறித்த படமே ஊர்ப்படம்; மற்றையது வெறும் தெருப்படம்.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வோர் ஊர்க்கிளையும் தன் ஏரிக்கு நீர் வரும் கால் முழுமையும் நடந்து குறித்து முடித்தல் வேண்டும் என்று இச்சபையைக் கேட்டுக்கொள்கின்றோம்.