அத்தாவுடன் ஒரு நடை

மர்யம் அத்தியாயத்தின் 42 முதல் 45 வரையுள்ள வசனங்களை ஓதிப் பாருங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையை நான்கு வசனங்களிலும் ‘யா அபதி’, என் அருமைத் தந்தையே என்று அழைக்கிறார்கள். கிடைத்த பதிலோ கல்லெறிவேன் என்ற மிரட்டல். அதற்கும் அவர்கள் ஸலாமே சொன்னார்கள்.

நம் தகப்பனார்கள் மிரட்டுபவர்கள் அல்லர், பேசாதவர்கள், அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்து, விடுமுறைக்கு மட்டும் வந்து போனவருக்கு வீட்டில் பேசும் பழக்கம் எங்கிருந்து வரும்? நாமும் எதையும் அம்மாவிடம் சொல்லியே வளர்ந்துவிட்டோம்.

“அத்தாவிடம் ஒருநாள்கூட உட்கார்ந்து பேசியதில்லை ஹஜ்ரத்” என்று ஜனாஸாவைக் குளிப்பாட்டும் இடத்தில் அழுத மகன்களை நான் கண்டிருக்கிறேன்.

ஏன் பேசுவதில்லை என்று அவரிடம் கேட்காதீர்கள். அது விசாரணை போலாகிவிடும். சுபுஹுத் தொழுகைக்கு அவருடன் செல்லுங்கள். அவரது நடைக்கேற்ப உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் கேசட்டில் குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்பினார்களே, அதில் என்னவெல்லாம் பேசினீர்கள் என்று கேளுங்கள். பதில் ஒரு சொல்லாக இருக்கலாம். சிரிப்பாக மட்டும்கூட இருக்கலாம். மறுநாளும் செல்லுங்கள்.

நாளை சுபுஹுக்கு பாங்கு சொன்னதும் முந்திக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஸலாம் சொல்லி, அவர் செருப்பு மாட்டும்வரை வாசலில் நில்லுங்கள்.