மான் மேயும் இடத்தில் கண்ணி வேண்டாம்



ரூசா என்னும் கடமான் பகலில் காட்டுக்குள் படுத்திருந்து, அந்தியிலும் இரவிலும் மேய வருகிறது. இளம்புல், தளிர், உதிர்ந்த பழம் அதன் உணவு. உப்பு மண்ணையும் நாடிச் செல்லும். நமது மறுநடவுக் கன்றுகளின் தளிரும், இடையே படரும் பயற்றுக் கொடியும் அதற்கு விருந்து.

இதை அறிந்தே நம்மவரில் சிலர் அங்கே கம்பிக் கண்ணி வைக்கின்றனர். கண்ணிக்கு மான், மனிதன் என்ற பேதமில்லை. இருள் பிரியுமுன் அவ்வழியே பால்வெட்டுக்குப் போகும் நம் தாய்மாரின் காலும் அதில் சிக்கும். மேலும், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கன்றுகளைக் காக்க வேலி போடும்படி நிர்வாகத்தைக் கேட்போம். அது நம் உரிமை. கண்ணிகளை நாமே அகற்றுவோம். அது நம் கடமை.