நாளேட்டில் வந்த அறிவிப்பு

கோலா லங்காட்டில் ஒரு சதுப்பு நிலக் காடு இருக்கிறது. அந்தக் காப்புக்காட்டில் 930 ஹெக்டருக்கு மேல் நீக்கிவிட்டு வேறு பயனுக்குக் கொடுக்கப் போவதாக, 2020 பிப்ரவரியில் சிலாங்கூரில் நாளேடுகள் வழி அறிவிப்பு வந்தது. ஆட்சேபம் சொல்ல 30 நாள் தவணை.

அந்தத் தாள் நம் லயத்துக்கு வந்திருந்தால், நெத்திலி மடித்திருப்போம்! "நமக்கு ஏது நிலம், நாம் என்ன பேசுவது" என்று ஒதுங்குவது நமக்குப் பழகிப்போனது. காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வக்குடியினர் அப்படி ஒதுங்கவில்லை. ஆட்சேபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆனாலும் 2021இல் காட்டின் ஒரு பெரும்பகுதி நீக்கப்பட்டது தெரியவந்தது. மக்கள் விடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது.

காட்டுக்கு மட்டுமல்ல, 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவையும் மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். போய்ப் பார்ப்போம். நம் பகுதித் திடலோ ஆற்றோர ஒதுக்கு நிலமோ அதில் இருந்தால், 'வேண்டாம்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், அடைமழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதையும் எழுத வேண்டும். வரைபடம் போட்டவருக்கு அது தெரிந்திராது. மலாயில் எழுத வராதென்றால் பாட்டி சொல்லட்டும், படிக்கிற பேத்தி எழுதட்டும். தேதியை மட்டும் தவறவிடாமல் பார்த்துக்கொள்வோம்.