சொந்தக் கட்சியை எதிர்த்து ஒரு சமாதானம்



அமெரிக்கக் குடியரசின் ஆரம்பகால அரசியலும் அயலுறவும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. வாஷிங்டன் தொடங்கி மன்றோ வரை வரிசையாகச் சொல்லப் புகுந்தால், பாதி வழியிலேயே அவைத் தலைவர் மணியடித்துவிடுவார். ஆகவே ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ். நாடு போர் போர் என்று கொதித்த நேரத்தில், தன் கட்சிக்காரர்கள் பல்லைக் கடிக்க, எதிரி நாட்டுக்குச் சமாதானத் தூது அனுப்பியவர்.

எதிரி யார்? பிரான்ஸ். அதுதான் வேடிக்கை! 1778-இல் அமெரிக்காவோடு கைகோத்த முதல் நட்பு நாடு அது. பிரெஞ்சுக் கப்பற்படை கடலை அடைத்திருக்காவிட்டால், 1781-இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்திருக்க மாட்டார். ஆமாம், அதே கார்ன்வாலிஸ்தான். அங்கே தோற்று, இங்கே வந்து, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலத்தையும் பாராமகாலையும் பிடுங்கிக்கொண்ட அதே பிரபு.

1793-இல் பிரான்சும் இங்கிலாந்தும் மோதின. எந்தப் பக்கமும் சேரமாட்டோம் என்று அறிவித்தார் வாஷிங்டன். ஆனால் அவர் அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு பக்கம். வெளியுறவு அமைச்சர் ஜெபர்சனுக்குப் பிரான்ஸ் மீது பிரியம். நிதியமைச்சர் ஹாமில்டனுக்குக் கணக்கு முக்கியம்: அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதிச் சுங்கம், வந்திறங்கும் சரக்கில் பெரும்பகுதி இங்கிலாந்துச் சரக்கு. இங்கிலாந்தைப் பகைத்தால் கஜானா காலி. 1794-இல் வாஷிங்டன் அனுப்பிய ஜான் ஜே லண்டன் போய் இங்கிலாந்தோடு ஓர் ஒப்பந்தம் செய்து வந்தார். ஊர் ஊராக ஜேயின் கொடும்பாவி எரிந்தது. ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசப்போன ஹாமில்டன் மீது நியூயார்க்கில் கல் விழுந்தது. நண்பன் எதிரியோடு உறவாடுகிறான் என்று பிரான்ஸ் சீறியது. முந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தது.

1797-இல் பதவிக்கு வந்த ஆடம்ஸின் தலையில் விடிந்தது இந்த வினை. மூன்று தூதர்களைப் பாரிசுக்கு அனுப்பினார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிராண்டின் ஆட்கள் வந்தார்கள். பேச்சு தொடங்கவேண்டுமா? அமைச்சரைத் தனியாகக் கவனிக்கவேண்டும், ஐம்பதாயிரம் பவுண்டு. அதற்கு மேல் அரசுக்குப் பெரிய தொகை கடனாக வேண்டும்!

ஆடம்ஸ் இந்தத் தகவலை வெளியிடாமல் வைத்திருந்தார். எதிர்க்கட்சிதான், ஏதோ மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டு, ஆவணங்களை வெளியே வை என்றது. வைத்தார். லஞ்சம் கேட்டவர்களின் பெயருக்குப் பதில் எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்துகள் மட்டும். 1798 ஏப்ரலில் நாடு பற்றிக்கொண்டது. ஆவணம் கேட்ட எதிர்க்கட்சிக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆடம்ஸ் அதுவரை காணாத செல்வாக்கைக் கண்டார்.

இனிமேல்தான் நாம் கூர்ந்து பார்க்கவேண்டும். போர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆடம்ஸின் கட்சி உள்நாட்டில் என்னென்ன செய்தது? அரசை விமர்சித்தால் இரண்டாண்டு வரை சிறை, இரண்டாயிரம் டாலர் வரை அபராதம் என்று தேசத்துரோகச் சட்டம் போட்டது. குடியரசுத் தலைவரைப் பழித்தால் குற்றம், காங்கிரசைப் பழித்தால் குற்றம். துணைத் தலைவரை மட்டும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். ஏன்? துணைத் தலைவர் ஜெபர்சன் எதிர்க்கட்சி! சட்டம் காலாவதியாகும் நாளும் 1801 மார்ச் 3. அந்த ஆட்சியின் கடைசி நாள். வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயன் உள்ளே போனார், நான்கு மாதம். சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார்.

வரியும் வந்தது. வீட்டை மதிப்பிட அதிகாரிகள் ஜன்னல்களை எண்ணினார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பத்துப் பெண்கள் மாடியிலிருந்து அவர்கள் தலையில் வெந்நீரைக் கொட்டினார்கள். வெளியுறவுக் கொள்கை ஏழை வீட்டு ஜன்னல் வரைக்கும் வரும், ஐயா!

கடலில் உண்மையாகவே சண்டை நடந்தது. அதை ஆடம்ஸ் நடத்தினார். கடற்படை வேண்டும் என்பவர் அவர். ஆனால் தரையில் ஒரு பெரும்படை, அதை நடத்த ஹாமில்டன் என்றபோது அவருக்குப் பொறி தட்டியது. பிரெஞ்சுப் படை இங்கே வந்து இறங்கப்போவதில்லை, அப்புறம் இந்தப் படை யாருக்கு? அதற்குள், தூதர் வந்தால் மரியாதையோடு வரவேற்போம் என்று பாரிசிலிருந்து சாடையாகச் செய்தி வந்தது. 1799 பிப்ரவரி 18. அமைச்சர்கள் ஒருவரிடமும் கலக்காமல், வில்லியம் வான்ஸ் மர்ரியைப் பிரான்சுக்குத் தூதராக நியமிக்கிறேன் என்று செனட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கட்சி அதிர்ந்தது. இன்னும் இருவரைச் சேர்க்கவைத்தது. பயணத்தை மாதக்கணக்கில் இழுத்தது. அக்டோபரில் ஆடம்ஸ் தங்கியிருந்த டிரென்டன் நகருக்கே வந்து ஹாமில்டன் வாதாடிப் பார்த்தார். ஆடம்ஸ் கேட்டார், அசையவில்லை. தூதர்கள் கப்பலேறினார்கள்.

1800 செப்டம்பர் 30-இல் பிரான்சின் மோர்ட்போன்டேனில் ஒப்பந்தம். பிடிபட்ட கப்பல்களுக்கான இழப்பீட்டை அமெரிக்கா கடைசியில் விட்டுக்கொடுத்தது உண்மை. போர் நின்றதும் உண்மை. ஆனால் செய்தி கடல் தாண்டி வருவதற்குள் தேர்தல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. நடுவே சொந்தக் கட்சியின் ஹாமில்டனே ஆடம்ஸைக் கிழித்துப் பிரசுரம் போட்டார். தேர்வாளர் வாக்குகள்: ஜெபர்சன் 73, அவர் கட்சிக்காரர் பர் 73, ஆடம்ஸ் 65.

அவரை மகாத்மா ஆக்க நான் வரவில்லை. அந்தத் துரோகச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். அதை நான் மன்னிக்கவில்லை. தோற்ற கோபத்தில், ஜெபர்சன் பதவியேற்ற அன்று விடியுமுன்னே ஊரைவிட்டுப் போனார், சின்னத்தனம்தான். ஆனால் 1803-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கிப் புகழ் பெற்றாரே ஜெபர்சன், விற்றது யார்? பிரான்ஸ். ஆடம்ஸ் செப்பனிட்ட வீதியில்தான் ஜெபர்சன் தேர் ஓட்டினார். தன் கல்லறையில் பிரான்சுடன் செய்த சமாதானத்தைத் தவிர வேறெதையும் பொறிக்கவேண்டாம் என்று 1815-இல் ஆடம்ஸ் ஒரு கடிதம் எழுதினார். அவர் கணக்கு சரி.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடம்ஸ், ஜெபர்சன் என்ற இந்த இரண்டு எதிரிகளும் 1812-இல் மறுபடி கடிதம் எழுதத் தொடங்கி, 1826-இல் ஒரே நாளில் கண்மூடும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கடிதங்களைத் தேடிப் படியுங்கள்.